வரிக்கத்தியில் ஒரு பொய் ஒட்டு

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், வரிக்கத்தி அடிக்கும் விதத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். அதை எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. எழுதினாலும் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது. இரும்பை எந்த நிறத்தில் உலையிலிருந்து எடுப்பது, சம்மட்டி எப்போது விழவேண்டும் என்பதெல்லாம் கண்ணும் கையும் தாமாகப் பழகிக்கொள்கிற காரியம். கொஞ்ச மாதம் புகையில் நின்றால் வந்துவிடும். பழகினாலும் வராத ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதில் நான் நல்லவனாக வரமாட்டேன். படித்துவிட்டு என்னைப் பார்க்க வந்தால் அதைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். பேசிப் பேசி அலுத்துவிட்டது.

வரிக்கத்தி என்று நாம் சொல்வதைத் துரைமார்கள் டமாஸ்கஸ் எஃகு என்பார்கள். மலாய்க்காரர்கள் தங்கள் கிரிஸ் குத்துவாள் மேல் ஓடுகிற வரியைப் பாமோர் என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பச்சிரும்பையும் உருக்கையும் மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி, ஒட்டும்படி அடித்து, மடித்து, மறுபடி அடிப்பது. தேய்த்து முடித்த கத்தியை, ரப்பர்த் தோட்டங்களில் பால் உறைய ஊற்றுகிற திராவகத்தில் நனைத்தால் உருக்கு கறுத்து இரும்பு வெளுத்து, தண்ணீர் ஓடினாற்போல வரிகள் எழும்பும்.

அந்த அழகில்தான் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவில் கொஞ்சம் கசடு தங்கிவிட்டால் அந்த இடம் ஒட்டாது. மேலே ஒட்டினது போலக் காட்டி உள்ளே வாய் திறந்தே இருக்கும். அதற்குப் பட்டறையில் பொய் ஒட்டு என்று பெயர். சாதாரணக் கத்தியில் அது கறுப்புக் கோடாகத் தெரிந்துவிடும். யார் பார்த்தாலும் இது விரிசல் என்பார்கள். வரிக்கத்தி முழுவதுமே கறுப்புக் கோடுகள். அவற்றோடு சேர்ந்து ஓடுகிற விரிசலை அடித்தவனைத் தவிர வேறு எவனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கத்தி வாங்க வருகிறவர் தம் கண்ணை நம்ப முடியாது. நம் வாயை நம்புகிறார்.

உலகத்தையே ஆட்டிய பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலாய் நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றில், பிராங்கின் ஓடைப் பக்கத்துச் சந்தில் பட்டறை இருந்தது. முதலாளி மூப்பின் காரணமாகக் குறடு பிடிப்பதை விட்டுவிட்டார். வரிக்கத்தி வேலை முழுவதும் என் பொறுப்பு. நான் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, கணக்கெழுதுகிற கிராணி வேலைக்குப் போகாமல் உலைக்கு வந்தவன். அதனால் பட்டறையில் எல்லாரும் என்னை வாத்தியாரு என்பார்கள். எனக்குச் சம்மட்டி போட்டவன் இருளப்பன். கையை விட வாய்க்குத்தான் அவனிடம் வேலை அதிகம்.

காதர் பாய் எங்கள் நெடுநாள் வாடிக்கை. பாசாரில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்தார். ஆனால் ஊரில் அவருக்கு இருந்த பெயர் கடையால் வந்ததில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் பலி கொடுக்கிற குடும்பங்கள் அவர் கையால்தான் அறுக்கவேண்டும் என்று காத்திருப்பார்கள். மாட்டின் கண்ணில் கத்தி படாமல் மறைத்துக்கொண்டு வருவார். காதருகே ஏதோ மெதுவாகப் பேசுவார். ஒரே இழுப்புதான். மிருகம் துடிக்கக்கூடாது, அதுதான் அறுக்கிறவனுடைய கடன் என்பார். அவருடைய வாப்பா வைத்திருந்த வரிக்கத்தி தீட்டித் தீட்டி ஓலைபோலத் தேய்ந்துபோயிருந்தது. அதுபோலவே ஒன்று வேண்டுமென்று என்னிடம் கேட்டார்.

முதலில் அடித்ததை உலையில் விட்டுக் கருக்கிவிட்டேன். கவனக்குறைவுதான். மறுபடி ஆரம்பித்தபோது பெருநாள் நெருங்கிவிட்டது.

"வாத்தியாரு இரும்புக்கு இலக்கணம் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தாரு, அது கோவிச்சுக்கிட்டு எரிஞ்சிருச்சு" என்று இருளப்பன் சந்து முழுவதும் சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. இரண்டாவது கட்டியை அவசரமாகத்தான் ஒட்டினேன். கடைசி மடிப்புக்கு முன் கசடைச் சுரண்ட வேண்டும். சுரண்டினேன், ஆனால் ஓரம் வரைக்கும் சுரண்டவில்லை. இரும்பு நிறம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை காய்ச்சினால் முதல் கட்டியைப் போல இதுவும் போய்விடுமோ என்று பயந்து, "போடு" என்றேன். இருளப்பன் போட்டான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை இங்கே எழுதி வைக்கவேண்டும்.

கத்தியைத் தேய்த்து முடித்து, நூலில் தொங்கவிட்டு ஆணியால் தட்டிப் பார்த்தேன். நல்ல கத்தி மணி போல இழுத்துப் பாடும். இது பாடிப் பாதியில் நிறுத்திக்கொண்டது. பக்கத்துக் கடையில் சீனர்கள் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தம் அடங்கிய பிறகு இன்னொரு தடவை தட்டிப் பார்த்திருக்கலாம். தட்டவில்லை.

திராவகத்தில் நனைத்ததும் தெரிந்துவிட்டது. கைப்பிடிக்குள் போகிற காம்புக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கம், அரிசி நீளத்துக்கு ஒரு கோடு. வரிகளோடு சேர்ந்துதான் ஓடியது. ஆனால் வரிக்கு ஆழம் கிடையாது. இதற்கு இருந்தது.

நான் அதைச் சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டி மூடினேன். உப்புத்தாளால் தேய்த்தேன். மறுபடி திராவகத்தில் நனைத்தேன். கோடு காணாமல் போய்விட்டது. இதைச் செய்துகொண்டிருந்தபோது என் மனசில் ஓடிய நியாயங்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன. கூர்ப் பக்கம் இல்லை, முதுகுப் பக்கம்தானே. நெம்புகிற கத்தி இல்லை, இழுக்கிற கத்திதானே. பெருநாள் முடியட்டும், பிறகு வேறு அடித்துக் கொடுத்துவிடலாம். எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தன. படித்தவனுக்கு நியாயங்கள் சீக்கிரம் கிடைத்துவிடும்.

பெருநாளுக்கு முந்தின நாள் காதர் பாய் வந்தார். கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். கடல் தண்ணி மேல காத்து போற மாதிரில இருக்கு" என்றார்.

"வாத்தியாரு ராவும் பகலுமா அதுக்குத் தாலாட்டுப் பாடினாரு பாய்" என்றான் இருளப்பன்.

"நீ சும்மா இருலா. ஒன் வாய அறுக்கத்தான் மொதல்ல கத்தி செய்யணும்." பாய் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். சிரிப்புப் போய்விட்டது. "தம்பி, அவசரத்துல செஞ்சிருக்க. ஏதாச்சும் கொற இருந்தா இப்பவே சொல்லிரு. எனக்குக் கோவம் வராது. வாப்பாட பழைய கத்தி இருக்கு, அத வச்சுச் சமாளிச்சுக்குவேன். வாயில்லாத சீவன் பாரு, அதுக்கிட்ட நாம மன்னிப்புக் கேக்க முடியாது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் கேட்க முடியுமா? கதவை அவரே திறந்து வைத்தார். நான் நுழைந்தால் போதும்.

"ஒண்ணும் இல்ல பாய். தைரியமாக் கொண்டு போங்க" என்றேன்.

மறுநாள் காலை சாப்பிடாமலே கிளம்பினேன். டத்தோ கிராமட் பக்கம் இருந்த பள்ளிவாசல் திடலுக்கு நடந்து போனேன். சொல்லிவிடத்தான் போனேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் போனபோது தொழுகை முடிந்து குர்பான் தொடங்கியிருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கத்தி அருமையாக வேலை செய்தது. ஒரு மாடு அடங்கியது, அடுத்ததும் அடங்கியது. பாய் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். கத்தியை லேசாக உயர்த்திக் காட்டித் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வந்த காரியத்தை மறந்து நானும் தலையாட்டினேன்.

அதற்கடுத்த மாடு, கயிறு பிடித்தவர்களை மீறிக் கழுத்தைத் திருப்பியது. கத்தி பாதி இழுப்பில் காம்போடு முறிந்தது. முறிந்த முனை அவர் உள்ளங்கையைக் கிழித்தது. அது பெரிதில்லை. அந்த மாடு பாதி அறுந்த கழுத்தோடு எழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எழுதமாட்டேன். ஆட்கள் கத்தினார்கள், பிள்ளைகளை அப்பால் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். யாரோ வேறு கத்தி கொண்டு வந்து முடித்தார்கள். முடிகிற வரைக்கும் காதர் பாய் ரத்தம் ஒழுகுகிற கையோடு அந்த மாட்டின் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அங்கிருந்து போய்விட்டேன்.

அவர் கை ஆறியது. விரல்கள் மடங்கின. கை கட்டு அவிழ்ந்ததும் முறிந்த கத்தியின் இரண்டு துண்டுகளையும் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். முதலாளி அன்று அங்கே இருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் சண்டை போடவில்லை.

"தம்பி, எனக்கு ஒரே ஒரு விசயம் தெரியணும்" என்றார். "கை தவறிச்சா, கத்தி தவறிச்சா? நான் எலும்புல மோதின மாதிரி எனக்குத் தெரியல. ஆனா அந்த நேரத்துல என்னா தெரியும்? தவறினது எங்கைன்னா, அந்தச் சீவன் பட்ட பாட்டுக்கு நான்தான் பதில் சொல்லணும். கத்தின்னா அல்லாஹ்ட நாட்டம்னு மனசத் தேத்திக்குவேன். நீ படிச்சவன், அடிச்சவன். பாத்துச் சொல்லு."

துண்டை வாங்கி முறிந்த முகத்தைப் பார்த்தேன். நீங்களும் ஒருநாள் இப்படிப் பார்க்கவேண்டி வரும், அதனால் சொல்கிறேன். அன்று முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் மினுங்கும். முன்பே ஒட்டாமல் இருந்த இடம் உலைக் கறுப்பாக இருக்கும். அந்த முகத்தில் ஏறக்குறையப் பாதி கறுப்பு. காம்பின் உள்வரைக்கும் ஓடியிருந்தது. அரிசி நீளம் என்று நான் நினைத்தது மேலே தெரிந்த முனை மட்டும்தான்.

முதலாளியும் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு பார்வை போதும். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பட்டறை வழக்கம் அது. குறடு பிடித்தவன்தான் கத்திக்கு வாய். அவன் பேசுகிறவரை வேறு யாரும் பேசக்கூடாது.

"எலும்புல பட்டிருக்கு பாய்" என்றேன். "பக்கவாட்டுல திரும்பினா எந்தக் கத்தியும் தாங்காது."

காதர் பாய் தம் உள்ளங்கைக் காயத்தைப் பார்த்தார். "அப்பச் சரி" என்றார். துண்டுகளை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனார்.

அவர் சந்து முனை திரும்பிய பிறகு முதலாளி எழுந்தார். "நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அந்தாளு போனதும்தான் தெரியுது, நான் சொல்லியிருக்கணும்னு. ரெண்டு பேருமாச் சேந்து அவர அனுப்பிட்டோம்" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் அந்தத் துண்டுகளை உலையில் போட்டு வேறொரு கட்டியோடு சேர்த்து மடித்து அடித்துவிட்டேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்தக் கத்தியை யாரோ வாங்கிக்கொண்டு போனார்.

காதர் பாய் அறுப்பதை நிறுத்திவிட்டார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த பெருநாளுக்குக் கூப்பிட்டார்கள். "எங்கை ஒரு சீவனத் துடிக்க வச்சிருச்சு, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டாராம். இரண்டாவது வருஷம் கூப்பிடவில்லை. கை தவறிய காதர் என்று ஒரு பேச்சு மெதுவாக நிலைத்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்லவில்லை. அவரே அப்படித்தானே சொன்னார். பாசாரில் வேறொருவர் அறுத்த இறைச்சியை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். வழியில் என்னைப் பார்த்தால் சலாம் போடுவார். அந்த சலாமுக்குப் பயந்து நான் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன்.

முதலாளி உயிரோடு இருக்கும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் பெயர் கெட்டுவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் இறந்து, அந்தக் காரணமும் போன பிறகும் சொல்லவில்லை. ஒருநாள் தேநீர்க் கடையில் இருளப்பன்தான் பேச்சுவாக்கில் சொன்னான்.

"காதர் பாய் தெரியும்ல? பெருநாள் அன்னைக்கு வீட்டுக் கதவு சன்னலெல்லாம் சாத்திக்கிட்டு உள்ளேயே உக்காந்துக்கிறாராம். மாடு கத்துற சத்தம் கேக்கக் கூடாதாம். பேரப்புள்ளைக்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்பக்கூட வெளிய வர்றதில்லையாம். மருமகன் சொல்லி வருத்தப்பட்டான். நல்ல மனுசன், பாவம்லா."

தேநீரை வைத்துவிட்டு எழுந்தேன். அன்றைக்கும் போயிருக்காவிட்டால் என்றைக்கும் போயிருக்கமாட்டேன்.

பாய் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஓரம் வரை சுரண்டாதது, ஆணியால் தட்டியது, கோட்டை மூடியது, அவர் கேட்டபோது இல்லை என்றது, இரண்டாவது முறையும் பொய் சொன்னது. பீடி அவர் விரலில் அணைந்துவிட்டது.

"அப்ப எங்கை இல்ல" என்றார்.

"இல்ல பாய். மாடு திரும்பாட்டியும் அது அன்னைக்கு முறிஞ்சிருக்கும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "உள்ள வா" என்றார். மனைவியையும் மருமகனையும் கூப்பிட்டார். "இப்ப சொன்னத திரும்பச் சொல்லு தம்பி."

சொன்னேன். பிறகு அவர் என் மணிக்கட்டை விடாமல் வெளியே நடந்தார். அன்றைக்குக் கயிறு பிடித்தவர்கள் இருந்த வீடுகளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வாசலிலும், "திரும்பச் சொல்லு தம்பி" என்றார். ஒருவர் என்னைத் திட்டினார். ஒருவர், "பழசு லா காதரு, இப்ப எதுக்கு" என்றார். பாய் அவரைப் பார்த்து, "ஒனக்குப் பழசு" என்று மட்டும் சொன்னார். வெயில் சுட்டது. என் குரல் கம்மிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கதையைக் கொஞ்சம் சுருக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. "அந்த ஆணியால தட்டினதச் சொல்லல நீ" என்பார்.

கடைசி வீட்டில் கயிறு பிடித்தவர் மௌத்தாகி, அடக்கமும் முடிந்து வருஷம் ஆகியிருந்தது. பாய் அங்கேயும் கூட்டிப்போனார். அவருடைய மனைவி திரைக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"இது அவருக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் அந்த அம்மாள். "காதர் கை எலும்புல படல, நான் பக்கத்துல இருந்து பாத்தேன்னு வீட்டுக்கு வந்ததும் சொன்னாரு."

பாய் திரைப் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஏன் சொல்லல அவன்?"

"சொன்னாரே காக்கா" என்று அண்ணன் முறை சொல்லி அழைத்தார் அந்த அம்மாள். "ரெண்டு தடவ வந்து சொன்னாரு. நீங்கதான், 'கத்தி அடிச்சவரே எலும்புல பட்டிருக்குன்னு சொல்லிட்டாரு, ஒனக்கு என்னா தெரியும்'னு கேட்டு அனுப்பிட்டீங்க."

காதர் பாய் என் மணிக்கட்டை விட்டார். அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ போ தம்பி" என்றார். "இனி நான் பாத்துக்குறேன்."

அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. மன்னிக்கவேண்டியது அவர் மட்டும் இல்லையே.

உங்களிடம் வருகிறவர்களும் இப்படித்தான் கேட்பார்கள். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தவன் பேச்சைத் தள்ளிவிட்டு, உங்கள் பேச்சை எடுத்துக்கொள்வார்கள். கட்டி கருகினால் இன்னொரு கட்டி இருக்கிறது. நாள் தவறினால் திட்டு வாங்கிக்கொள்ளலாம். சந்து சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் ஒருவர், குறை இருக்கிறதா என்று கேட்கும்போது அங்கே நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். அந்த நேரத்துக்கு என்னால் ஒன்றும் கற்றுத்தர முடியாது. நான் தேறாத இடம் அது.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் காதர் பாய் வீட்டுக் கதவு திறந்திருந்தது என்றும், அவர் திடலுக்குப் போய் அறுத்தார் என்றும் இருளப்பன் வந்து சொன்னான். கை கொஞ்சமும் நடுங்கவில்லையாம். கத்தியைப் பற்றி நான் கேட்காமலே அவன் சொன்னான். தைப்பிங் ஊரிலிருந்து வாங்கி வந்ததாம். ஒரு வரியும் இல்லாத வெறும் கத்தி.